அஞ்சாவது வார்த்தை

கிறிஸ்தவ வீட்டுப் பசங்களுக்கு இது தெரிந்த விஷயம். மற்றவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புனித வெள்ளி அன்று மதியம் 12 மணிக்குக் கோயிலுக்குள் போனால் 3 மணிக்குத்தான் வெளியே வரலாம். மும்மணி ஆராதனை என்று பெயர். சிலுவையில் தொங்கிய நேரத்தில் இயேசு பேசியதாகச் சுவிசேஷங்களில் இருக்கும் ஏழு வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஏழு பேர் பேசுவார்கள். நடுவில் பாட்டு, ஜெபம், மறுபடியும் பிரசங்கம். பாதிப் பேர் அன்றைக்கு உபவாசம் வேறு. தஞ்சாவூர்ப் பக்கம் ஏப்ரல் மாத மதியம் எப்படி இருக்கும் என்று இதைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மூன்றாவது பிரசங்கம் முடியும்போது கடைசி வரிசையில் சிலர் தூங்கியிருப்பாங்க. மற்றவங்க ஃபேனுக்கு நேர் கீழே இருக்கிற பெஞ்சுக்கு மெதுவாக நகர்ந்துக்கிட்டு இருப்பாங்க.

ஏழும் என்னென்ன? தன்னை ஆணியடித்தவர்களை மன்னிக்கச் சொல்லிப் பிதாவிடம் கேட்டது முதலாவது. பக்கத்துச் சிலுவையில் இருந்த குற்றவாளிக்குப் பரதீசில் இடம் உண்டு என்று வாக்குக் கொடுத்தது இரண்டாவது. கீழே நின்ற அம்மாவை ஒரு சீஷனிடம் ஒப்படைத்தது மூன்றாவது. கடவுளே ஏன் என்னை விட்டுவிட்டாய் என்று கதறியது நான்காவது. தாகம் என்றது ஐந்தாவது. முடிந்தது என்றது ஆறாவது. தன் ஆவியைப் பிதாவின் கையில் கொடுத்தது ஏழாவது. வாக்கியமாக இருந்தாலும் எங்க வழக்கத்தில் 'வார்த்தை' என்றுதான் சொல்லுவோம். "உங்களுக்கு எத்தனாவது வார்த்தை?" என்று பிரசங்கம் பண்ணுகிறவர்கள் ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கொள்வது, நாம் செமினார் டாபிக் கேட்டுக்கொள்வது மாதிரியே இருக்கும்.

இதில் பல கிறிஸ்தவர்களே கவனிக்காத ஒன்று உண்டு. ஏழும் சேர்ந்து எந்த ஒரு சுவிசேஷத்திலும் இல்லை. மத்தேயுவும் மாற்குவும் நான்காவதை மட்டும் எழுதுகிறார்கள். ஒன்று, இரண்டு, ஏழு லூக்காவில். மூன்று, ஐந்து, ஆறு யோவானில். மாற்குவை மட்டும் கையில் வைத்திருந்த ஒரு பழைய காலத்துச் சபைக்கு இயேசுவின் கடைசி வார்த்தை என்பது ஒரே ஒரு கதறல், அவ்வளவுதான். மன்னிப்பும் கிடையாது, அம்மாவும் கிடையாது. நான்கு பேர் எழுதியதைப் பின்னால் வந்தவர்கள் கோர்த்து வரிசைப்படுத்தியதுதான் நாங்கள் கேட்கிற ஏழு.

மூன்று மணி நேரம் உட்கார்ந்து இதைத் தியானிக்கிற வழக்கமும் ஜெருசலேமில் பிறந்ததில்லை. 17-ம் நூற்றாண்டின் கடைசியில் தென் அமெரிக்காவில், பெரு நாட்டு லிமா நகரத்தில், அலோன்சோ மெஸ்ஸியா என்ற இயேசு சபைக் குரு ஆரம்பித்தது என்று சொல்கிறார்கள். 1687-ல் அங்கே பெரிய பூகம்பம் வந்திருந்தது. அங்கிருந்து ஸ்பெயினுக்குப் போய், பிறகு மற்ற சபைகளுக்கும் பரவி, கடைசியில் காவிரிக் கரைக்கும் வந்துவிட்டது. ஸ்பெயினில் காடிஸ் என்ற ஊரில் இந்த ஆராதனைக்காக ஹைடன் ஏழு இசைத் துண்டுகள் எழுதினார், 1786-ல். எல்லாமே மெதுவான லயம். கேட்கிறவர்களுக்கு அலுப்புத் தட்டாமல் அடுத்தடுத்து ஏழு மெதுவான துண்டுகள் எழுதுவது லேசான வேலை இல்லை என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். எங்கள் பிரசங்கிகள் யாரும் அந்தக் கவலையை வெளியே காட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

போன செமஸ்டரில் ஹாஸ்டலில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஹைடனை முழுசாகக் கேட்டேன். ஐந்தாவது துண்டு வந்ததும் வயலின்களை வில்லால் இழுக்காமல் விரலால் சுண்டுகிறார்கள். சொட்டு, சொட்டு, சொட்டு. எங்க ஹாஸ்டல் பாத்ரூம் குழாயை மூடின பிறகும் விழுமே, அதே சத்தம்.

நான் எழுத வந்தது அந்த ஐந்தாவதைப் பற்றித்தான். ஆறாவதுக்கே ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். எக்ஸாம் ஹாலை விட்டு வெளியே வந்து "முடிஞ்சுது மச்சி" என்றால் ஒரு அர்த்தம். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டு வந்து அதையே சொன்னால் வேற அர்த்தம். நாங்கள் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் 'முடிந்தது', கத்தோலிக்கர்கள் வாசிக்கிற திருவிவிலியத்தில் 'நிறைவேறிற்று'. ரெண்டும் ஒரே கிரேக்கச் சொல். அதை வேறு யாராவது எழுதட்டும்.

ஐந்தாவதில் என்ன விசேஷம் என்றால், அது யாரிடம் சொன்னது என்று எழுதவில்லை. ஒன்றும் ஏழும் பிதாவிடம். நான்கும் கடவுளிடம்தான், கோபமாக. இரண்டாவது அந்தக் குற்றவாளியிடம், மூன்றாவது அம்மாவிடமும் சீஷனிடமும். ஆறாவது அறிவிப்பு மாதிரி. ஐந்தாவது மட்டும் சும்மா காற்றில் விடப்படுகிறது. கிரேக்கத்தில் ஒரே சொல், நாலே எழுத்து. தமிழிலும் ஒரே சொல்லாக, 'தாகமாயிருக்கிறேன்' என்று வருகிறது. மற்ற எல்லாவற்றிலும் அவர் யாருக்காவது எதையாவது கொடுக்கிறார், அல்லது கடவுளோடு பேசுகிறார். இதில் மட்டும்தான் சுற்றி நிற்கிற மனுஷங்களிடம் தனக்கென்று ஒன்று வேண்டும் என்கிறார். இன்னாரிடம் என்று இல்லாததால், காதில் விழுந்த எவனும் கொடுக்கலாம்.

ஆனால் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்ட ஐந்தாம் வார்த்தைப் பிரசங்கங்களில் தண்ணீர் ரொம்பக் குறைவு. "இது சரீரத்தின் தாகம் அல்ல, ஆத்தும தாகம்" என்றுதான் எடுத்த எடுப்பிலேயே ஆரம்பிப்பார்கள். நம்மை இரட்சிக்க வேண்டும் என்ற தாகம், பிதாவின் சித்தத்தைச் செய்யும் தாகம். அப்படிச் சொல்வதில் நியாயம் இல்லாமலும் இல்லை. யோவான் எதையும் ஒரே அர்த்தத்தில் எழுதுகிற ஆள் கிடையாது. அவருடைய சுவிசேஷத்தில் தண்ணீர் வந்தாலே பின்னால் வேறு ஒன்று வரும். தாகமாக இருக்கிறவன் என்னிடம் வரட்டும் என்று ஏழாம் அதிகாரத்தில் கூப்பிட்டவர், பத்தொன்பதாம் அதிகாரத்தில் தானே தாகம் என்கிறார். அந்த முரணை யோவான் வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார். அன்னை தெரசாவும் அந்தச் சொல்லை விடவில்லை. அவருடைய சபை இல்லங்களில் சிற்றாலயச் சுவரில், சிலுவைக்குப் பக்கத்தில், அந்த ஒரு சொல் எழுதியிருக்கும். அன்புக்கான தாகம் என்று அவர் விளக்கினார். ஆனால் அந்தச் சகோதரிகள் அதை வாசித்துவிட்டு வெளியே போய் நிஜமான டம்ளரில் நிஜமான தண்ணீர் கொடுக்கிறார்கள். எங்கள் பிரசங்கங்களில் அந்த டம்ளர் வரை யாரும் வருவதில்லை.

கசையடி வாங்கி, ரத்தம் போய், வெயிலில் மணிக்கணக்காகத் தொங்குகிற உடம்புக்கு நாக்கு வறளும். இதற்கு உள்ளர்த்தம் வேண்டியதில்லை. அவர் மனுஷன் மாதிரி தோன்றினாரே தவிர நிஜ உடம்பு கிடையாது என்று ஆரம்பக் காலத்திலேயே சிலர் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அதை மறுத்து, வார்த்தை மாம்சமானது என்று முதல் அதிகாரத்திலேயே அடித்துச் சொன்னவர் யோவான். அப்படிப்பட்டவர் எழுதிய தாகத்தை ஆத்தும தாகம் மட்டும்தான் என்று ஆவியாக்கிவிட்டால், அந்த மாம்சத்துக்கு என்ன மிச்சம்?

நம்ம பக்கத்தில் இந்த வார்த்தைக்கு இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. மேட்டூர் அணையைப் பாசனத்துக்காகத் திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12, மூடுகிற நாள் ஜனவரி 28. புனித வெள்ளி எந்த வருஷமும் மார்ச் 20-க்கு முன்னால் வராது, ஏப்ரல் 23-க்குப் பின்னால் போகாது. அதனால் டெல்டாவில் புனித வெள்ளி என்றாலே ஆறு மணலாகக் கிடக்கிற நாள். குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு எல்லாம் பெயருக்குத்தான் ஆறு. குருத்தோலை ஞாயிறு அன்று ஓலையைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போகிற எங்கள் ஊர்ப் பாலத்துக்குக் கீழே பசங்க ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவாங்க.

அப்பாயி கல்யாணமாகி வந்த காலத்தில் அந்த மாதங்களில் ஆற்றில் ஊற்றுத் தோண்டுவார்களாம். முழங்கை ஆழம் மணலைப் பறித்தால் தண்ணீர் கசியும். முதலில் கலங்கலாக வரும். அதை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்புறம் கொட்டாங்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். "அவசரப்பட்டா மண்ணுதான்டா வரும்" என்பாங்க. ஒரு குடம் நிறைய அரை மணி நேரம். ஒவ்வொரு தெருவுக்கும் ஆற்றில் தனித்தனி இடம். யார் ஊற்று எங்கே என்பது எல்லாருக்கும் தெரியும். மணல் அள்ளி அள்ளி ஆறு பள்ளமான பிறகு அந்த ஊற்றும் போச்சு. இப்போ எல்லார் வீட்டிலும் போர், எல்லார் வீட்டிலும் கேன் தண்ணி.

2017-ல் புனித வெள்ளி ஏப்ரல் 14-ம் தேதி வந்தது. அதற்கு முந்தின வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, டெல்டாவே காய்ந்து கிடந்தது. நம்ம விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருஷம் ஐந்தாம் வார்த்தை பேச வந்தவர் ஆத்தும தாகத்தை விட்டுவிட்டு நேராகக் காவிரிக்கு வந்துவிட்டார். தூங்கிக்கொண்டிருந்த பின் வரிசை மொத்தமும் எழுந்து உட்கார்ந்தது. கோயிலில் அரசியல் பேசுவதா என்று வெளியே வந்து சிலர் முணுமுணுத்தாங்க. எனக்கு அப்போ 12 வயசு. நான் முழுசாகக் கேட்ட முதல் பிரசங்கம் அதுதான்.

தாகம் என்று சொன்னதும் என்ன கொடுத்தார்கள் என்பதற்கு வருகிறேன். நான் படித்தது இங்கிலீஷ் மீடியம். பைபிளும் முதலில் இங்கிலீஷில்தான். அதில் வினிகர் என்று இருந்தது. வினிகர் என்றால் ஃப்ரைடு ரைஸ் கடை டேபிளில் பச்சை மிளகாய் மிதக்கிற பாட்டில்தான் என் கண்ணுக்கு வரும். சாகிற மனுஷன் வாயில் அதை ஊற்றுவது எவ்வளவு பெரிய கொடுமை! சன்டே ஸ்கூலிலும் அது கடைசிக் கொடுமையாகத்தான் சொல்லப்பட்டது.

அப்பாயி வாசித்தது 1871-ல் வந்த மொழிபெயர்ப்பு. பவர் ஐயர் தலைமையில் செய்தது, இன்றைக்கும் எங்கள் கோயில்களில் வாசிப்பது அதுதான். அதில் 'காடி' என்று இருக்கிறது. நான் வினிகர் பாட்டிலைப் பற்றிச் சொன்னதும் அப்பாயி சிரிச்சுட்டாங்க. "காடின்னா புளிச்ச கஞ்சித் தண்ணிடா. வெயில்ல வேலை செஞ்சிட்டு வர்றவனுக்கு அதைக் கொடுத்தாத்தான் உசுரு வரும். அந்தச் சிப்பாய் நல்லவன்." நீராகாரம் மாதிரி ஒன்றை அந்தச் சிப்பாய் கொடுத்தான் என்பதுதான் அவங்க மனசில் இருந்த படம்.

தேடிப் பார்த்தேன். ரோமானியச் சிப்பாய்கள் தினமும் குடித்தது போஸ்கா என்ற பானம். புளித்த மலிவான திராட்சை ரசத்தில் தண்ணீர் கலந்தது. பணக்காரர்கள் தொடமாட்டார்கள், சிப்பாய்களும் ஏழைகளும் தாகத்துக்குக் குடிப்பார்கள். சிலுவைக்குப் பக்கத்தில் அந்தப் பாத்திரம் ஏற்கெனவே இருந்தது என்றுதான் யோவான் எழுதுகிறார். காவல் நின்றவர்களின் சொந்தப் பாத்திரமாகத்தான் இருக்க வேண்டும். லூக்காவில் சிப்பாய்கள் கேலி செய்துகொண்டே நீட்டுகிறார்கள், அதையும் மறைக்கக் கூடாது. எதிரிகள் காடி கொடுத்ததாகப் புலம்புகிற ஒரு சங்கீதமும் உண்டு. ஆனால் யோவானில் கேலி இல்லை. ஒரு கடற்காளானை நனைத்து, ஒரு செடித் தண்டில் மாட்டி, வாய்க்கு எட்டுகிற மாதிரி நீட்டுகிறார்கள். சிலுவையில் அறைவதற்கு முன்னால் வெள்ளைப்போளம் கலந்த ரசத்தைக் கொடுத்தபோது வேண்டாம் என்றவர், இதை வாங்கிக்கொள்கிறார். கடற்காளான் என்றால் ஸ்பாஞ்ச். அந்தச் சொல்லைத் தமிழில் வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை.

நம்ம ஊரில் உயிர் போகிற நேரத்தில் வாய்க்குப் பால் ஊற்றுவார்கள். அதில் மதம் கிடையாது, எங்கள் தெருவிலும் உண்டு. பெற்றவளோ பிள்ளையோ ஊற்ற வேண்டும். சிலுவைக்குக் கீழே பெற்றவள் நிற்கிறாள், ஆனால் அவள் கை எட்டாது. ஊற்றியது ஆணியடித்த கூட்டத்தில் ஒருவன், அவன் குடிக்கிற பாத்திரத்திலிருந்து.

காடி பற்றி அப்பாயிக்கு எப்படி அவ்வளவு தெரியும் என்பதையும் எழுத வேண்டும். நடவுக்கும் அறுப்புக்கும் கீழத்தெருவிலிருந்து வருகிறவர்களுக்குக் காலையில் நீராகாரம் கொடுப்பது அப்பாயி வேலை. வாசல் வழியாக இல்லை, கொல்லைப்பக்கம். அங்கே கிணற்றடிச் சுவரில் ஒரு ஆணி. அதில் ஒரு அலுமினிய டம்ளர் மாட்டியிருக்கும். அது அவர்களுக்கு மட்டும். வீட்டுக்குள் வராது. குடித்துவிட்டு அவர்களே கழுவி மாட்டிவிட்டுப் போக வேண்டும். அப்பாயி உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, தாராளமாகத்தான் ஊற்றுவாங்க. போதும் என்கிறவரை ஊற்றுவாங்க. டம்ளர் மட்டும் அதுதான். நான் சின்னப் பையனாக இருந்தபோதுகூட அது அந்த ஆணியில் இருந்தது.

நாங்கள் கிறிஸ்தவர்கள் ஆகிப் பல தலைமுறை ஆகிறது. அதனால் இது போயிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். தஞ்சாவூர்ச் சபையின் வரலாறு தெரிந்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். சிவகங்கைப் பூங்காவுக்குப் பக்கத்தில் 1779-ல் ஷ்வார்ட்ஸ் கட்டிய கோயில் இருக்கிறது. உள்ளே ஒரு பளிங்குச் சிற்பம், லண்டனில் ஃப்ளாக்ஸ்மன் செதுக்கியது, இரண்டாம் சரபோஜி மன்னர் சொல்லிச் செய்தது. 1798-ல் இறந்த ஷ்வார்ட்ஸ் அதில் மரணப் படுக்கையில் கிடக்கிறார், சரபோஜி பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சாகிற பாதிரியாரின் கையை ஒரு இந்து ராஜா பிடித்திருப்பது எவ்வளவு அழகான விஷயம்! ஆனால் அதே தஞ்சாவூர்ச் சபையில் அந்தக் காலத்தில் சாதிவாரியாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அதை ஒழிக்க வேண்டும் என்று புதிதாக வந்த மிஷனரிகள் கிளம்பியபோது எதிர்த்து எழுதியவர்களில் முக்கியமானவர் வேதநாயக சாஸ்திரியார். ஷ்வார்ட்ஸே வளர்த்த பிள்ளை, எங்கள் பாட்டுகளுக்கெல்லாம் தாத்தா. அவர் பாட்டு இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு விசேஷம் நடக்காது. எனக்கும் பிடிக்கும், பாடுவேன். ஆனாலும் அவர் எதிர்த்தார். 1833-ல் பிஷப் டேனியல் வில்சன், உட்காருகிற இடத்திலும் இராப்போஜனத்திலும் சாதி கூடாது என்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூரில் பெரிய கலகமே நடந்தது. ஒரே பாத்திரத்தில் வாய் வைப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கிறது, அதுவும் யாருடைய ரத்தத்தின் நினைவாகக் குடிக்கிற பாத்திரம் என்று பாருங்கள்.

யோவானிலேயே இதற்கு முன்னால் இயேசு ஒரு தடவை தண்ணீர் கேட்டிருக்கிறார். நாலாவது அதிகாரம், சமாரியப் பெண், கிணற்றடி, மத்தியான வெயில். யூதன் நீ என்னிடம் எப்படித் தண்ணீர் கேட்கலாம் என்று அந்த அம்மா கேட்கிறாள். இரண்டு சமூகத்துக்கும் ஆகாது என்பதைச் சொல்ல நம்ம பழைய மொழிபெயர்ப்பு 'சம்பந்தம்' என்ற சொல்லைப் போட்டிருக்கிறது. அந்தச் சொல்லை நம்ம ஊரில் எதற்குப் பயன்படுத்துவோம் என்று உங்களுக்கே தெரியும். மூலத்தில் இருக்கிற கிரேக்கச் சொல்லுக்குப் பாத்திரத்தைப் பொதுவில் புழங்கமாட்டார்கள் என்றே பொருள் சொல்கிற அறிஞர்களும் உண்டு. அப்படியானால் அது டம்ளர் விஷயம். இயேசுவிடம் மொள்ளப் பாத்திரம் இல்லை. அவளுடையதில்தான் குடிக்க வேண்டும். தெரிந்துதான் கேட்கிறார்.

இரண்டு வருஷம் முன்னால் அப்பாயிக்குப் பக்கவாதம் வந்தது. விழுங்குகிற தசை வேலை செய்யவில்லை. வாய் வழியாகக் கொடுத்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். மூக்கு வழியாக டியூப் போட்டார்கள். உள்ளே எவ்வளவு போகிறது, வெளியே எவ்வளவு வருகிறது என்று தலைமாட்டில் சார்ட். கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அப்பாயி பேசினது ஒரே ஒரு சொல்தான், அதுவும் பாதி குழறலாக: "தண்ணி." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்தும் சொல்லவில்லை. மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு சொன்னாங்க. "டியூப்ல போகுது அப்பாயி" என்று நான் காதில் சொல்லிப் பார்த்தேன். டியூப் நாக்கைத் தொடாமல் போகிறது என்பது எனக்கும் தெரியும். தாகம் என்பது வயிற்றில் இல்லை, வாயில் இருக்கிறது.

மூன்றாம் நாள் ராத்திரி, வார்டில் வேலை பார்க்கிற ஒரு அக்கா வந்து பார்த்துவிட்டு, நர்ஸிடம் கேட்டுக்கொண்டு வந்தாங்க. ஒரு மரக்குச்சி நுனியில் காஸ் துணியைச் சுற்றி, தண்ணீரில் முக்கி, நன்றாகப் பிழிந்தாங்க. "சொட்டு உள்ள போகக் கூடாது தம்பி, ஈரம் மட்டும்தான்." உதட்டில் ஒற்றி, நாக்கில் ஒற்றினாங்க. அப்பாயி அந்தக் குச்சியை வாயால் பிடிச்சுக்கிட்டாங்க. விடவே இல்லை. கண் திறந்து அந்த அக்காவையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

அப்புறம் பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, அந்த அக்கா எங்கள் ஊர்க் கீழத்தெருவில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்க்கைப்பட்டவங்க என்று. அவங்க அம்மா எங்கள் வயலுக்கு நடவுக்கு வந்தவங்க. "சின்னப் புள்ளையில அம்மாகூட வருவேன். உங்க அப்பாயி கையால நீராகாரம் குடிச்சிருக்கேன், தம்பி. வெங்காயம் நிறையப் போடுவாங்க" என்றாங்க, சிரித்துக்கொண்டே. எந்த டம்ளரில் என்று அவங்க சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க டியூட்டியில் இருந்த ராத்திரிகளில் அவங்கதான் வந்து நனைத்துவிட்டுப் போனாங்க. எனக்கும் கற்றுக்கொடுத்தாங்க, ஆனால் நான் செய்தால் அப்பாயிக்குப் பிடிக்கவில்லை. நான் ரொம்பப் பிழிந்துவிடுகிறேனாம்.

அப்பாயியின் கடைசி வார்த்தை 'தண்ணி' என்று எழுதினால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். ஆனால் கடைசியாக என்ன சொன்னாங்க என்று யாருக்கும் தெரியாது. பத்தாவது நாள் விடியற்காலையில் போயிட்டாங்க. கூட இருந்த அத்தை அந்த நேரம் டீ வாங்கப் போயிருந்தாங்க.

எங்கள் கோயிலில் ஏழு வார்த்தைகளில் ஒன்றை வாலிபர் சங்கத்துக்குக் கொடுப்பது வழக்கம். இந்த வருஷம் புனித வெள்ளி ஏப்ரல் 3. ஐந்தாவது வார்த்தை, 12 நிமிஷம், என் பெயரைப் போட்டுவிட்டார்கள். ப்ராஜெக்ட் இரண்டாவது ரிவ்யூவுக்கு பிபிடி செய்ய வேண்டிய நேரத்தில் இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹைடன் வேண்டாம், அது யாருக்கும் புரியாது. போஸ்கா ஒரு நிமிஷம் போதும். சமாரியப் பெண் கட்டாயம். தாகம் என்பதை முதலில் தாகமாகவே வைத்துக்கொண்டு, கடவுள் கேட்டு வாங்கிக் குடிக்கிற இடத்துக்கு இறங்கி வந்தார், யார் பாத்திரம் என்று பார்க்காமல் வாங்கினார் என்று சொல்லப் போகிறேன். அதைச் சொல்ல எனக்குத் தெரிந்த உதாரணம் அந்த ஆணியும், டம்ளரும், ஆஸ்பத்திரிக் குச்சியும்தான். முன் வரிசையில் எங்கள் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வீட்டுக் கொல்லையிலும் அந்த ஆணி இருந்தது.

போன வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ஊற்றுத் தோண்டுகிற பகுதியில் சிரித்தார். ஆஸ்பத்திரிப் பகுதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எல்லாம் நல்லாருக்குப்பா. அந்த டம்ளர் மட்டும் வேணாம். செத்துப் போன மனுஷி."

"டம்ளர் இல்லன்னா மீதி எதுக்குப்பா?"

"அம்மா கொடுக்காம இருந்ததில்லடா. ஒரு நாளும் இல்லன்னு சொன்னதில்ல."

"அதையும் எழுதியிருக்கேன்பா."

அடுப்படியிலிருந்து அம்மா, "அவன் சொல்லட்டும்ங்க. அத்தை அந்தப் பொண்ணை எப்படிப் பாத்தாங்கன்னு நானும் பாத்தேன்ல" என்றாங்க.

அப்பா பதில் சொல்லவில்லை. டேங்கில் தண்ணி இல்லை என்று எழுந்து போய் மோட்டாரைப் போட்டார்.